எடைமேடைக்காரர் எண்ணிய லாரிகள்

சிமெண்ட் ஆலைக்குப் போகும் சாலையில் ஒரு மாடி வீடு. அதன் பால்கனியில் காலை ஆறு மணிக்கு ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார். வாரத்தில் ஏழு நாளும் உட்காருவார். மழை வந்தால் நாற்காலியைக் கதவுக்குள் இழுத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆலையிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வெளியே வரும் லாரிகளை ஒன்பது மணி வரை எண்ணுவார். வண்டி நம்பரையோ டிரைவரையோ பார்க்கமாட்டார். டயர் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். அதை வைத்தே எத்தனை டன் என்று எழுதிவிடுவார்.

அவருடைய மனைவியைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு நிமிஷம் இருங்க சிஸ்டர், இருபத்தி மூணு" என்பதுதான்.

ஆலையில் லாரிகளை எடை போடும் மேடையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தச் சாலையில் யாருக்கும் தெரியாது. எடைமேடை என்றால் வீட்டுக்கே கொண்டுவந்து விடுவார்கள். லாரி காலியாக உள்ளே வரும்போது ஓர் எடை, ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதில் ஏமாற்ற டிரைவர்களுக்கு ஆயிரம் வழி உண்டு. காலி எடை போடும்போது கிளீனரை சீட்டுக்குப் பின்னால் படுக்கவைப்பார்கள். தண்ணீர்த் தொட்டியை வழிய வழிய நிரப்பிக்கொண்டு வருவார்கள். லோடு எடையின்போது பின்சக்கரத்தை மேடைக்கு ஓர் அங்குலம் வெளியே நிறுத்துவார்கள். எல்லாவற்றையும் பிடித்தவர் அவர். ஒரு தடவை சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஓர் ஆளைக் காதைப் பிடித்து வெளியே இழுத்த கதையை என்னிடம் நாலு முறை சொல்லியிருக்கிறார்.

"தராசு பொய் சொல்லாது சிஸ்டர். தராசு மேல நிக்கிறவன்தான் பொய் சொல்வான்."

இதை அவர் சொன்ன விதத்தில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருந்தால் தப்பில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு மூட்டைகூட அவர் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை என்று ஆலையில் எல்லோரும் சொல்வார்கள்.

அவர் ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, நாக்கும் பாதி போயிற்று. மருத்துவமனையில் இருந்த ஐந்தாவது வாரத்தில்தான் அந்த அம்மாவுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மூன்று நாள் முயற்சி செய்து சேர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் இது: "என்னை அனுப்பிடாதீங்க." அந்த அம்மாவின் தாயார் ஓர் இலவசப் பராமரிப்பு இல்லத்தில், பத்துப் பன்னிரண்டு கட்டில் போட்ட ஹாலில், ஈரத் துணியோடு கிடந்து போனவர். மகள் அதைப் பார்த்தவர். அந்த பயம் நாக்கு போனாலும் போகவில்லை.

"நான் இருக்கிற வரைக்கும் உனக்கு நம்ம வீட்டுக் கட்டில்தான்" என்று இவர் வாக்குக் கொடுத்தார். தலைமாட்டை உயர்த்தித் தாழ்த்தும் மருத்துவமனைக் கட்டில் ஒன்றை விலைக்கே வாங்கி, கூடத்தில் சாலையைப் பார்த்தாற்போல் போட்டார். பகலுக்கு நான், இரவுக்கு இன்னொரு பெண், வாரம் மூன்று நாள் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள். இதெல்லாம் எத்தனை வருடம் ஓடவேண்டுமோ அத்தனை வருடம் ஓட அவருடைய ஓய்வுப் பணம் போதும். ஒழுங்காகப் போட்டு வைத்திருந்தால்.

அந்த அம்மாவிடம் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். ஊட்டினால் வாங்கிக்கொள்வார், மெல்லுவார், தட்டு காலியாகும். ஆனால் உணர்ச்சியில்லாத வலது கன்னத்துக்குள் பாதிச் சோறு அப்படியே ஒதுங்கிக் கிடக்கும். அவருக்கே தெரியாது. படுத்த பிறகு அது மெல்ல நழுவி மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் சீழ் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு முறை ஊட்டி முடித்ததும் விரலில் துணியைச் சுற்றிக் கன்னத்தைத் துழாவி எடுத்துவிட வேண்டும். அதை அவருக்கும் காட்டினேன்.

"தட்டு காலியாறது கணக்கில்ல சார். கன்னம் காலியாகணும்."

"அவ கடிச்சிடுவா சிஸ்டர்."

"கடிக்கட்டுமே. கட்டின பொண்டாட்டிதானே."

"நாப்பது வருஷம் வாயால கடிச்சது போதாதா? பல்லாலயும் கடிக்கணுமா?" என்றார். அந்த அம்மா இடது பக்க வாயால் சிரித்தார். நான் அந்த வீட்டில் இருந்தவரை அவர் வாய்க்குள் விரலை விடவில்லை. அது நம் வேலை என்று நானும் விட்டுவிட்டேன்.

பணத்தை அவர் எப்படிப் போட்டிருந்தார் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. மாதம் ஒருமுறை மகளும் மருமகனும் வருவார்கள். மருமகன் வேறோர் ஊரில் வங்கியில் கடன் பிரிவில் வேலை. அதிகம் பேசாத பிள்ளை. அன்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க மாப்பிள்ளை. கேக்கறதுக்கு என்ன காசா, பணமா?"

"காசைப் பத்தித்தான் மாமா."

மாமனார் சிரித்துக்கொண்டே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். அவருக்கு அதைக் காட்ட ஆசைதான். "பாருங்க. ஒரே இடத்துல வைக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல? பத்து இடத்துல பிரிச்சுப் போட்டிருக்கேன். ஒண்ணு விழுந்தா ஒன்பது நிக்கும்."

மருமகன் வாய்விட்டுப் படித்தார். ஆலையின் பங்கு. ஆலைக்குச் சாக்கு தைத்துக் கொடுக்கும் கம்பெனியின் பங்கு. சிமெண்ட் ஏற்றும் லாரிகளை வைத்திருக்கும் கம்பெனி. கட்டடக் கம்பி உருக்கும் கம்பெனி. வீட்டுக்கடன் கொடுக்கும் கம்பெனியில் டெபாசிட், வங்கியைவிட வட்டி அதிகம் என்று. கட்டுமானத் தொழிலில் மட்டும் போடும் ஒரு ஃபண்ட். ஆலை வாசலில் வாடகைக்கு விட்ட இரண்டு கடை. அதற்கு எதிரே ஒரு மனை. வங்கியில் இரண்டு சின்ன டெபாசிட்.

படித்து முடித்தவர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பத்துப் பை வச்சுத்தான் தைச்சிருக்கீங்க மாமா. ஆனா சட்டை ஒண்ணா இருக்கே" என்றார்.

மாமனாரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "என்ன சொல்றீங்க?"

"பேங்க் டெபாசிட் ரெண்டைத் தவிர எல்லாமே சிமெண்ட்தான் மாமா. ஆலை நின்னா லாரி நிக்கும், சாக்கு நிக்கும், கடை வாடகை நிக்கும். எட்டும் ஒரே நாள்ல படுக்கும்."

"ஆலை எதுக்கு நிக்கப்போகுது?"

"எங்க பேங்க்ல வீட்டுக்கடன் கேட்டு வர்றவங்க பாதியாயிட்டாங்க. வட்டி ஏறிப்போச்சு. எங்க தெருவைச் சுத்தி மட்டும் ஒன்பது கட்டடம் பாதியில நிக்குது. இன்னிக்கு விலை இருக்கும்போதே பாதியை வித்துட்டு, சம்பந்தமில்லாத எதுலயாவது, அரசாங்கப் பத்திரமோ எதுவோ..."

"நீங்க கடன் கேட்டு வர்றவனைப் பாக்கறீங்க மாப்பிள்ளை. நான் சரக்கையே பாக்கறேன். போன வருஷம் இதே மாசம் காலையில முப்பத்தெட்டு வண்டி. இப்ப நாப்பத்தி நாலு. பேப்பர்ல நூறு எழுதுவான். ரோட்டுல ஓடுறது எது, அதுதான் நிஜம்."

அடுக்களையிலிருந்து மகளின் குரல் வந்தது. "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

உள்ளே அவள் தணிந்த குரலில்தான் பேசினாள். ஆனால் அந்த அம்மாவுக்குக் கஞ்சி கலக்கிக்கொண்டு நானும் அங்கேதான் நின்றிருந்தேன். "உங்களுக்கு எதுக்கு இந்தப் பேச்சு? எங்கப்பா காசு மேல உங்களுக்குக் கண்ணுன்னு நாளைக்கு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சியோட இங்க வருவேன்?"

அந்தப் பிள்ளை அதோடு வாயை மூடிக்கொண்டார். விவரம் தெரிந்த ஒரே ஆள் மருமகனாகப் போய்விட்டார். வெளி ஆளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது சொல்லியிருப்பார். கிளம்பும்போது மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மாமா, அந்த ரெண்டு டெபாசிட்டுல ஒண்ணை அத்தை பேருக்கு மாத்திடுங்க. அதை மட்டும் எதுக்கும் எடுக்காதீங்க. எங்க பேங்க் வேணாம். வேற எந்த பேங்க்னாலும் சரி." மனைவி பேரில் என்றதால் அவர் அதை மறுக்கவில்லை. மறுநாளே மாற்றினார்.

வருடக் கணக்கு முடியும் மாதம் நெருங்கியபோது லாரிகள் கூடின. நாற்பத்தி நாலு ஐம்பதாகி, ஐம்பது அறுபத்தொன்றாயிற்று. வீட்டுக் கண்ணாடி ஜன்னல் காலை முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது. அதே நாட்களில் பங்கு விலை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"லோடு ஏறுது, விலை இறங்குது. ஆளுங்க பேப்பரைப் படிச்சுட்டு பயந்து விக்கிறாங்க சிஸ்டர். இந்த மாதிரி நேரம் வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும். இன்னும் பத்து வருஷத்துக்கு இவளைப் பத்திக் கவலையே வேணாம்."

மனைவி பேரில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்ற டெபாசிட்டை உடைத்தார். கம்பிக் கம்பெனியின் பங்கை விற்றார், அது ஒன்றுதான் கொஞ்சம் லாபத்தில் இருந்தது. அந்தப் பணம் முழுவதையும் ஆலைப் பங்கில் போட்டார். பேராசை என்று சொல்லமாட்டேன். தன் கண்ணால் பார்த்ததை நம்பினார். அப்படிக் கண்ணால் பார்த்ததே அவருக்குக் கெடுதலாகிப் போனது.

அதற்கு அடுத்த வாரம் என் விடுமுறை நாளில் பஸ்ஸில் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, மூடிக் கிடந்த ஒரு பழைய சினிமா கொட்டகை. அதன் முன்னால் நம் ஆலை லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. உள்ளே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படம் ஓடின காலத்தில்கூட அவ்வளவு கூட்டம் நின்றிருக்காது. மறுநாள் காலை அவரிடம் சொன்னேன்.

"டீலர் ஸ்டாக் வைப்பான் சிஸ்டர். மழைக்கு முன்னாடி வாங்கிப் போட்டுக்குவான்."

"அந்தக் கொட்டகைக்குக் கூரையில பாதி தகரம் இல்லையே சார். மழை வந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்து, "ஐம்பத்தி ரெண்டு" என்று எழுதினார். நான் உள்ளே போனேன். அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ஆலைப் புகைபோக்கியில் புகை வரவில்லை. பராமரிப்பு வேலை என்றார்கள். பத்து நாள் என்றார்கள். பிறகு எதுவும் சொல்லவில்லை. பால்கனியில் அவர் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை உட்கார்ந்து, பக்கத்துக்கு மேலே தேதியை எழுதி, கீழே சைபர் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஒரு வாரம் அப்படி எழுதினார்.

விஷயம் செய்தித்தாளில்தான் வந்தது, அவர் நம்பாத அதே செய்தித்தாளில். ஒன்றரை வருடமாக விற்பனையே இல்லை. டீலர்கள் தலையில் கட்டியதையும் தானே வாடகைக்கு எடுத்த கொட்டகைகளில் அடைத்ததையும் விற்றதாகக் காட்டி, வருடக் கணக்கை அழகாக முடித்திருக்கிறது நிர்வாகம். லாரிகள் ஓடியது உண்மை. லோடு இருந்ததும் உண்மை. வாங்க ஆள்தான் இல்லை.

அதற்குப் பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு வண்டியை இடித்தால் சாய்வதுபோல எல்லாம் சாய்ந்தன. ஆலைப் பங்கை விற்கலாமென்றால் வாங்குகிறவன் இல்லை. சாக்குக் கம்பெனி மூடியது. லாரிக் கம்பெனியின் வண்டிகளைக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆலைத் தொழிலாளிகள் வீட்டுக்கடன் தவணையை நிறுத்தவும், அந்தக் கடன் கம்பெனி டெபாசிட் போட்டவர்களுக்குக் கைவிரித்தது. வாசல் கடைகள் இரண்டிலும் இருந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டுப் பூட்டை மட்டும் விட்டுப் போனார்கள். மனையை விலை கேட்க ஒருவரும் வரவில்லை.

ஒரு நாள் பகலில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ புறப்பட்டுப் போனார். சாயங்காலம் கால் முழங்கால்வரை சாம்பல் நிறமாகத் திரும்பி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து தேங்காய் அளவு ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். கல்லின் ஒரு பக்கத்தில் சாக்கின் பின்னல் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"என்ன சார் இது?"

"கொட்டகையிலேருந்து எடுத்தேன். வாட்ச்மேன் நம்ம ஆளு, உள்ள விட்டான். கூரை வரைக்கும் மூட்டை சிஸ்டர். எல்லாம் கல்லு. ஒரு மூலையைக் கடப்பாரையால உடைச்சுத்தான் எடுக்க முடிஞ்சுது."

அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், பழக்கதோஷம்.

"எடை மட்டும் குறையல பாருங்க. கல்லானாலும் எடை அதேதான்." பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "வாசலைத் தாண்டிப் போனதை நான் எடை போட்டேன். போய்ச் சேர்ந்ததை யார் எடை போட்டா?" என்றார். என்னைக் கேட்கவில்லை. கட்டிலில் இருந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அன்று சாப்பாடு வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

முதலில் பயிற்சி கொடுக்கும் ஆள் நின்றார். அடுத்து இரவுக்கு வரும் பெண். மூன்றாவது நான். ஒரு மாதம் பாதிச் சம்பளத்துக்குப் போனேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. மனைவி பேரில் இருந்த டெபாசிட்டை உடைத்து என்னைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளை தொடாதீங்கன்னு சொல்லியிருக்கார். அவர் பேச்சை ஒரு தடவையாவது கேக்கறேன்" என்றார். கேட்ட நேரம்தான் தப்பாகிவிட்டது. உடைத்திருக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

போவதற்கு முன் எல்லாவற்றையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, தோல் சிவக்கிற இடங்களைப் பார்ப்பது, உட்காரவைத்துத்தான் ஊட்டுவது, ஊட்டி முடித்ததும் கன்னம். லாரி எழுதின நோட்டிலேயே வரிசையாக எழுதிக்கொண்டார். நல்ல மாணவர்தான். திருப்பிப் படுக்கவைப்பதில் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. ஒரு படுக்கைப்புண் வரவில்லை. தினமும் மதியம் எனக்கு போன் செய்வார்.

"ஒரு பருக்கை விடாம சாப்பிட்டா சிஸ்டர். தட்டு சுத்தமா காலி!"

"கன்னத்தைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன், பாத்தேன்."

வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்திருக்கிறார். விரலை விடவில்லை. நாலாவது வாரம் காய்ச்சல் வந்தது, அதற்குப் பின்னால் மூச்சு இரைத்தது. நான் மருத்துவமனைக்குப் போனபோது நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது நுரையீரல் முழுக்கச் சீழ் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"தட்டைத்தான் பாத்தேன் சிஸ்டர்."

அந்த மருத்துவமனைச் செலவுக்கு மாடி வீடு போயிற்று. ஆலை ஓடிய காலத்து விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் போயிற்று. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் மூக்கில் குழாய், சளி உறிஞ்சும் இயந்திரம், ஒரு நாளைக்கு நாலு முறை மருந்து. வீடும் இல்லை, ஆளும் இல்லை. மகளுடைய வீடு இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. எந்தக் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வந்தது.

இலவச இல்லத்தில் இடம் கேட்டுக் கொடுத்தது நான்தான். பதினாலு கட்டில் போட்ட ஹால். வண்டியிலிருந்து இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அந்த அம்மா ஒரு முறை சுற்றிப் பார்த்தார். வரிசையாகக் கட்டில்கள், எண் எழுதின தகரங்கள், பினாயில் வாடை. அடையாளம் தெரிந்துவிட்டது. அழவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. நாக்கால் முடியாமல் போனதா, வேண்டாமென்று விட்டாரா என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கும் அந்த இல்லத்தில் பகல் வேலை கிடைத்தது. அதனால்தான் மீதியும் எனக்குத் தெரியும்.

எடைமேடை தினமும் மதியம் வருவார். விற்க முடியாமல் கிடந்த வாசல் கடைகளில் ஒன்றில் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டுக் குடியிருந்தார். அங்கிருந்து நடந்தே வருவார். மூன்றாம் மாதம் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னபோது, நான் எழுவதற்குள் தட்டை வாங்கிக்கொண்டார். கால் மணி நேரத்தில் ஊட்ட வேண்டியதை ஒரு மணி நேரம் ஊட்டினார். முடித்ததும் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் விட்டார்.

"கடிச்சாங்களா சார்?"

"கடிச்சா. நல்லா கடிச்சா." விரலைத் துடைத்துப் பார்த்தார், ரத்தம் கட்டியிருந்தது. "கடிக்கட்டும்."

இல்லத்தில் இடம்தான் இலவசம், மருந்தும் டயப்பரும் குடும்பம் வாங்க வேண்டும். அந்த ஒரு டெபாசிட்தான் கடைசிவரை அதற்கு ஈடுகொடுத்தது. மருமகன் மாதாமாதம் வந்து பார்ப்பார். ஒரு தடவை வாசலில் இருவரும் நின்றிருந்தபோது மாமனார் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு ஒரு சட்டையைப் பத்திச் சொன்னீங்களே..."

"எந்தச் சட்டை மாமா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று சொல்லிவிட்டு, டயப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளை உள்ளே போய்விட்டார்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லோரையும் நாற்காலித் தராசில் வைத்து எடை பார்ப்போம். முதல் மாதமே அவர் எங்கள் தலைமை நர்ஸோடு தகராறு செய்தார். தராசு ஒன்றேகால் கிலோ கூடக் காட்டுகிறதாம். கடையிலிருந்து ஐந்து கிலோ மாவுப் பையை வாங்கிவந்து வைத்து நிரூபித்துவிட்டார். "போர்வையோட வச்சா அது அவ எடை இல்லம்மா. போர்வையைத் தனியா போட்டுக் கழிக்கணும்" என்று வேறு சொன்னார். அவரைச் சமாளிக்க முடியாமல் அந்த ஒரு கட்டிலுக்கு மட்டும் அவர் சொன்னபடியே எடை போட்டோம்.

அதே நோட்டில், சைபர்கள் எழுதின பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதினார். நாற்பத்தொன்று. முப்பத்தொன்பதரை. முப்பத்தெட்டு. குழாயை எடுத்த மறு மாதம் கொஞ்சம் ஏறியது, முப்பத்தெட்டேகால். பிறகு முப்பத்தாறு. வாங்கிய சோறு எல்லாம் உள்ளே போயும் உடம்பில் ஒட்டவில்லை. ஏழாவது மாதம் முப்பத்தி நாலு. எழுதிவிட்டு எனக்கும் காட்டினார்.

"இந்த லோடு எங்க போய் இறங்கும்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்."

தேறிவிடுவார் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியும்.

பதினோரு நாள் கழித்து, மதியம் அவர் ஊட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போன நேரத்தில் அந்த அம்மாவின் மூச்சு நின்றது. முகம் துடைக்கும்போது நான் கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காலியாக இருந்தது.

மாடி வீட்டிலிருந்து கொண்டுவந்து வாசல் கடையில் வைத்திருந்த அந்தக் கட்டிலை அடுத்த மாதம் விற்றார். மருத்துவமனைக் கட்டிலுக்கு அப்போது தட்டுப்பாடு. அவர் தன் வாழ்நாளில் காசு கொடுத்து வாங்கியதில், கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்த இரண்டாவது பொருள் அது. முதலாவது, ஆலைப் பங்கு வாங்குவதற்காக விற்ற கம்பிக் கம்பெனி.